திரை இடுக்கில் ஒரு கை

பூனை என்றுதான் பிள்ளைகள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுபடக் கூப்பிட்டதில்லை. ஆனால் பூனைக்குக் காது கேட்காது என்று எந்த மடையன் சொன்னான்? அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் பல்லைப் பிடுங்கச் சொன்ன மாதிரி முகம் போகும்.

பெயர் வந்த காரணம் அவளுடைய கால். ரப்பர் அடி வைத்த வெள்ளை ஷூ. நடந்தால் சத்தமே வராது. இந்தக் கட்டில் பக்கம் நின்றாளே என்று திரும்பிப் பார்த்தால் அந்தக் கோடியில் நிற்பாள்.

வேலை என்னவோ பெரிய வேலைதான். நர்சிங் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வார்டில் கைவேலை சொல்லிக் கொடுப்பது. பாடத்தை வகுப்பில் வேறு ஆட்கள் நடத்துவார்கள். புண்ணைத் துடைத்துக் கட்டுவது, ஊசி போடுவது, அசைய முடியாமல் கிடக்கிறவரைப் புரட்டி முதுகு துடைப்பது, மூக்குக் குழாயில் பால் ஊற்றுவது, இதெல்லாம் கரும்பலகையில் வராது. யாராவது பக்கத்தில் நின்றால்தான் வரும். அந்த நிற்கிற வேலைக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஆனால் அவள் பக்கத்தில் நிற்க மாட்டாள். அங்கேதான் வம்பு.

கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணித் திரையை இழுத்துவிட்டு மாணவி உள்ளே நோயாளியோடு இருப்பாள். இவள் திரைக்கு வெளியே நிற்பாள். திரை தரையைத் தொடாது, ஒரு முழம் தூக்கியே தொங்கும். உள்ளேயிருந்து குனிந்து பார்த்தால் அந்த இடைவெளியில் இரண்டு வெள்ளை ஷூ. அசையாது. ஆணி அடித்து வைத்த மாதிரி நிற்கும்.

அப்புறம் அந்தக் கை. அதைச் சொல்லாமல் கதை நகராது.

புண் கட்டுகிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கையுறை போடுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் பிரித்து, திறந்து, ஊற்றி வைத்துக்கொள்ள வேண்டும். கழுவுகிற உப்புத் தண்ணீர், அதைத்தான் சலைன் என்பார்கள், அதைக் கிண்ணத்தில் ஊற்றிவிட வேண்டும். கையுறை போட்டபின் பாட்டிலைத் தொட்டால் கையுறை கெட்டது. பிள்ளைகள் அவசரத்தில் என்ன செய்யும்? கை கழுவி, பழைய கட்டைப் பிரித்து, கையுறையை அழகாக மாட்டி, இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். பாட்டில் தள்ளுவண்டியில் கீழ்த்தட்டில் மூடியோடு உட்கார்ந்து சிரிக்கும். தொடவும் முடியாது, விடவும் முடியாது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம். ஆனால் ஒரு ஜோடி வீணானால் வார்டு சிஸ்டர் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள். நோயாளி வேறு புண்ணைத் திறந்து போட்டுக்கொண்டு முகத்தையே பார்த்துக் கிடப்பார்.

அந்த நேரத்தில் திரை இடுக்கு விலகும். ஒரு கை மட்டும் உள்ளே வரும். கீழ்த்தட்டிலிருந்து பாட்டிலை எடுக்கும், திறக்கும், சாய்க்கும், கிண்ணம் நிறைந்ததும் வெளியே போய்விடும். ஒரு வார்த்தை கிடையாது, முகம் கிடையாது. நோயாளி அது வழக்கமான ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொள்வார்.

பிள்ளை மட்டும் அப்படி நினைக்காது. கை வந்துவிட்டது என்றால் பிடிபட்டாயிற்று என்று அர்த்தம்.

"இன்னிக்கு யாருக்குடி கை வந்துச்சு?" என்று துணி வைக்கிற அறையில் ஒருத்தி கேட்பாள்.

"எனக்குத்தான். பேய் வீட்டுல இருந்து வர மாதிரி வருதுடி. ரத்தமே உறைஞ்சு போச்சு."

"திட்டவாவது செஞ்சா பரவாயில்ல. கம்முனு போயிடுது. மனசுக்குள்ள மார்க்கைக் குறைக்குதோ என்னவோ."

பக்கத்து அறையில் போர்வை மடித்துக்கொண்டே அவள் இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். மார்க்கைப் பற்றி ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை. அப்படி நினைக்கலாம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அவள் திரைக்கு வெளியே நின்றதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. அவள் படிக்கிற காலத்தில் சொல்லிக் கொடுக்க ஒரு அம்மாள் வந்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது, வேலையில் புலி. இவள் முதல் ஊசி போடப் போன அன்று கை கொஞ்சம் நடுங்கியது. அவ்வளவுதான். "தள்ளு" என்று ஊசியைக் கையிலிருந்து பிடுங்கி அந்த அம்மாளே போட்டாள். கட்டிலில் இருந்தவர் ஒரு மளிகைக்கடைக்காரர். வார்டு முழுக்க அவருக்குப் பழக்கம். மறுநாள் இவள் எந்தக் கட்டிலுக்குப் போனாலும், "இந்தப் பொண்ணு வேணாம், அந்தம்மாவக் கூப்பிடு" என்றார்கள். அந்த வார்டைவிட்டு மாறுகிறவரை படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவதுதான் இவளுக்குக் கிடைத்த படிப்பு.

அன்றைக்கு முடிவு செய்தாள். நான் அந்த இடத்துக்கு வந்தால் நோயாளி முன்னால் எந்தப் பிள்ளையின் கையிலிருந்தும் எதையும் பிடுங்க மாட்டேன். என் முகத்தைக்கூடக் காட்ட மாட்டேன். முகம் தெரிந்தால்தானே இது கற்றுக்குட்டி, பின்னால் ஒருத்தி காவலுக்கு நிற்கிறாள் என்று நோயாளிக்குத் தெரியும்?

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நல்லது செய்கிறேன் என்று தண்டோரா போடவா முடியும்? பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும் என்று இருந்துவிட்டாள். ஊமை கண்ட கனவு ஊருக்குப் புரிந்த கதைதான்.

பக்கத்து வார்டில் இன்னொருத்தி இருந்தாள். வயதில் இளையவள். அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சக்கரை. வாடா கண்ணு, போடா செல்லம் என்றுதான் பேச்சு. வெறும் வாய்ப்பந்தல் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு பிள்ளை ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தபோது தரையில் உட்கார்ந்து மடியில் தலையை வைத்துக்கொண்டவள். சக்கரை மாணவியின் தோளோடு தோள் நின்று, "இப்பிடிப் பிடி, ஆங், அவ்ளோதான்" என்பாள். அது அக்கறை. பூனை திரைக்கு வெளியே நின்றால் அது வேவு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற மாதிரி.

பூனைக்குச் சக்கரைமேல் பொறாமை இல்லை. அந்த மாதிரிப் பேச வாய் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று சில நேரம் நினைப்பாள். ஒரு தடவை முயற்சிகூடச் செய்தாள். ஒரு பிள்ளையைப் பார்த்து "கண்ணு" என்றாள். அந்தப் பிள்ளை பயந்துபோய், "எந்தக் கண்ணு மேடம்? நான் சொட்டு மருந்து ரெண்டு கண்ணுக்கும் விட்டுட்டேனே" என்றது. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டாள்.

வருஷம் முடியப்போகிற சமயத்தில் பிரின்சிபால் அம்மா பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்துப் பேசுவது உண்டு. யார் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், யாரிடம் தைரியமாகச் சந்தேகம் கேட்க முடிகிறது என்று. அது முடிந்த மறுநாள் பூனையைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க சிஸ்டர்."

"இருக்கட்டும்மா."

"உட்காருங்க. நின்னு நின்னே பழகிட்டீங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்களப் பத்திப் பிள்ளைங்க என்ன சொல்றாங்கன்னு தெரியுமா?"

"ம்."

"என்ன தெரியும்?"

"பூனைன்னு."

பிரின்சிபால் அம்மா சிரிப்பை மறைக்க மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "அது மட்டும்னா நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். ஒரு பொண்ணு எழுந்து நின்னு, 'ஒளிஞ்சு நின்னு தப்புப் பிடிக்கிறாங்க, நாங்க என்ன திருடங்களா'ன்னு கேட்டுச்சு. பாதிப் பேர் கை தட்டினாங்க. அக்கறையா யாரு இருக்காங்கன்னு கேட்டதுக்கு உங்க பேர ஒருத்தர்கூடச் சொல்லல சிஸ்டர்."

எழுந்து நின்ற பெண் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. வக்கீலாகத்தான் இருக்கும். மூன்றாம் வருஷத்துப் பிள்ளை. எதற்கும் நியாயம் கேட்கிறதால் அந்தப் பெயர். சோற்றில் கல் கிடந்தால் சமையல்காரரிடம் போய் அரிசிக்காரர்வரை விசாரிக்கிற ஜாதகம்.

"நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க?" என்றார் பிரின்சிபால் அம்மா. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். மளிகைக்கடைக்காரரிலிருந்து ஆரம்பித்துச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். "பழக்கம்மா" என்று வந்தது.

பிரின்சிபால் அம்மா தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "பயிற்சி அறைக்கு ஒரு ஆள் வேணும். அங்க பொம்மைய வெச்சு சொல்லிக் குடுக்கலாம். உங்களுக்கும் நிம்மதி. மாசக் கடைசில பிள்ளைங்கள இன்னொரு தடவ கேப்பேன். அப்பவும் இதையே சொன்னா மாத்திடுறேன். அதுவரைக்கும் வார்டுலயே இருங்க. ஆனா திரைக்கு வெளிய போய் நிக்காதீங்க."

"சரிம்மா."

பயிற்சி அறைப் பொம்மையை அவளுக்குத் தெரியும். ரப்பர் ஆள். நூறு தடவை குத்தினாலும் முகம் சுளிக்காது. காலைக் கழற்றி அலமாரியில் வைக்கலாம். வலி என்று முனகாத, தண்ணீர் கேட்காத, வீட்டில் மாடு கன்று போட்டதா என்று விசாரிக்கச் சொல்லாத ஒரு நோயாளி. அதோடு மிச்சக் காலத்தையும் ஓட்ட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக அவளுக்குத் தெரிந்த உலகம் அந்த வார்டு ஒன்றுதான்.

அவள் புருஷன் சலூன்காரர். கடையில் கத்தரிக்கோலைவிட வாய்க்குத்தான் அதிக வேலை. ஒரே மகன் கல்யாணம் ஆகி வேலை செய்கிற ஊரோடு போய்விட்டான். வீட்டில் இருவர், அதில் பேசுகிறவர் ஒருவர். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற அவருக்குப் பின்மண்டையை வெட்டிவிடுவது இவள்தான். கடை விடுமுறை நாளில் முற்றத்தில் முக்காலி போட்டு, கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார். இவள் கத்தரியை இரண்டு தடவை ஓட்டிவிட்டு நிறுத்தினாள். பிரின்சிபால் சொன்னதைச் சொன்னாள். அவளுக்கு அது நீளமான பேச்சு.

அவர் கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்தார். "ஏன் இந்தக் கண்ணாடிய கைல வெச்சிருக்கேன், சொல்லு பாப்போம்."

"அழகு பாக்க."

"இந்த மூஞ்சிக்கா? பின்னாடி ஒருத்தி கத்தரியோட நிக்கிறா. என்ன பண்றான்னு தெரியலன்னா கழுத்து கூசும்டி. முப்பது வருஷம் குடும்பம் நடத்தின பொண்டாட்டிதான், இருந்தாலும் கூசும். உன் பிள்ளைங்களுக்கும் அதே கூச்சம்தான். உள்ள போய் நில்லு. மூஞ்சியக் காட்டு."

"என் மூஞ்சியப் பாத்தா இன்னும் பயப்படும்."

அவர் கண்ணாடியை நேராகப் பிடித்து யோசித்தார். "அதுவும் நியாயம்தான்," என்றார். "ஆனாலும் முயற்சி பண்ணு."

பண்ணினாள். மறுநாள் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவள், ஒரு லாரி டிரைவருக்கு ஊசி போடப் போனாள். பூனையும் திரைக்கு உள்ளே போய்க் கட்டில் தலைமாட்டில் நின்றாள். சக்கரை மாதிரி நிற்கத்தான் நினைத்தாள். ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டதில் போலீஸ் மாதிரி ஆகிவிட்டது. சோடாபுட்டிக்கு வியர்த்து, கண்ணாடியில் ஆவி படிந்தது. டிரைவர் இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பெரியம்மா, நீங்களே போட்டு விட்டுடுங்களேன்," என்றார். "இந்தப் பாப்பா இப்பதான் லைசென்ஸ் எடுக்குதுபோல."

சோடாபுட்டியின் முகம் செத்துப்போனது. பூனைக்கு அந்த முகம் தெரிந்த முகம். ஒரு காலத்தில் அது அவளுடைய முகம்தான்.

"அவளே போடுவா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். உள்ளே சோடாபுட்டி எப்படியோ போட்டு முடித்தாள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சலூன்காரர், "என்ன ஆச்சு?" என்றார். "உங்க கண்ணாடி யோசனை உடைஞ்சுபோச்சு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வார்டு நடுவில் இருக்கிற மேஜையடியில் உட்கார ஆரம்பித்தாள். திரைக்கு வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை. பிள்ளைகள் வந்து கேட்டால் சொன்னாள். கேட்காவிட்டால் மருந்து அட்டைகளை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். வார்டு சிஸ்டர், "என்ன சிஸ்டர், கால் வலியா?" என்று கேட்டாள். "ம்" என்றாள்.

பிள்ளைகளுக்கு முதலில் கொண்டாட்டம். பூனை படுத்துவிட்டது, எலிகள் ஆடலாம். இரண்டு நாள் ஆடினார்கள். மூன்றாம் நாள் துணி அறையிலிருந்து பேச்சு கேட்டது.

"ஒரு பழைய வெள்ளை ஷூவ வாங்கி திரைக்குக் கீழ வெச்சுடலாமாடி?"

"எதுக்கு?"

"தெரியல. குனிஞ்சு பாத்தா ஒண்ணும் இல்லாம, என்னமோ மாதிரி இருக்கு."

"உனக்குப் பைத்தியம். போய் ஜுரம் பாத்துக்கோ."

பூனை கையில் வைத்திருந்த போர்வையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை மடித்தாள். அதற்குமேல் அதை நினைக்கவில்லை. நினைத்து என்ன, மாசக் கடைசி வந்துகொண்டிருந்தது.

வக்கீலுக்கு அன்று காலையில் ஒரு தச்சரின் கால் புண். மரம் விழுந்து கெண்டைக்கால் கிழிந்து, தையல் போட்டு, அதில் ஒரு ஓரம் பழுத்திருந்தது. நல்ல மனிதர். வார்டில் ஆடுகிற ஸ்டூலையெல்லாம் படுத்தபடியே பார்த்து எந்தக் காலில் குறை என்று சொல்லிவிடுவார். வக்கீல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மேஜையைக் கடந்து போனாள். பூனையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் போவதற்கென்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வண்டியின் கீழ்த்தட்டில் சலைன் பாட்டில் மூடியோடு இருந்தது. மேல்தட்டில் கிண்ணம் இன்னும் பொட்டலத்தில். அதில் தப்பொன்றும் இல்லை, உள்ளே போய்ப் பிரித்து ஊற்றலாம். பூனையின் கண் மட்டும் அந்தப் பாட்டிலோடு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பியது.

திரை மூடியது. வளையங்கள் கம்பியில் கறகறவென்று ஓடி நின்றன.

மேஜையிலிருந்து பார்த்தால் திரைக்குக் கீழே வக்கீலின் கால்கள் தெரிந்தன. பூனைக்குக் கால் பாஷை தெரியும். இத்தனை வருஷமாக அவள் பிள்ளைகளின் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். வேலை ஓடும்போது கால் இரண்டும் அகன்று நிற்கும், எடை மாறி மாறி விழும். கட்டைப் பிரிக்கும்போது ஒரு கால் பின்னால் போகும். கையுறை மாட்டும்போது குதிகால் லேசாக எழும்பும். வக்கீலின் குதிகால் எழும்பியது, இறங்கியது.

அப்புறம் இரண்டு காலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அசையவில்லை.

பூனை கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். கிண்ணம் காலி. பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

எழுந்தாள். உட்கார்ந்தாள். திரைக்கு வெளியே நிற்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய்க் கையை நீட்டினால் திரும்பவும் அதே புகார், அதுவும் புகார் கொடுத்தவளிடமே. ரப்பர் பொம்மை நிச்சயம். போகாவிட்டால் வக்கீல் கையுறையைக் கழற்றி எறிவாள், அல்லது யாரும் பார்க்கவில்லை என்று அதே கையால் பாட்டிலைத் தொட்டுவிட்டு அப்படியே புண்ணைத் துடைப்பாள். இரண்டாவதை நினைத்தபோது அவளுக்கு நாற்காலி சுட்டது. நியாயம் பேசுகிற பிள்ளை அப்படிச் செய்யாது. ஆனால் பயம் வந்துவிட்டால் நியாயம் எந்த மூலையில் போய் ஒளியும் என்று யாருக்குத் தெரியும்?

திரைக்குள்ளிருந்து தச்சரின் குரல் வந்தது.

"என்ன பாப்பா, ரெண்டு கையும் தூக்கிட்டே. யாரு துப்பாக்கி காட்டுறா?"

வக்கீலின் ஒரு கால் கொஞ்சம் வளைந்தது. குனிந்து கீழே பார்க்கிறாள். திரைக்கு அடியில், வெள்ளை ஷூ இருக்கவேண்டிய இடத்தைப் பார்க்கிறாள். அங்கே தரைதான் இருந்தது.

பூனை எழுந்துவிட்டாள். அதே நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. வழக்காடுகிற குரல் இல்லை, சின்னக் குரல்.

"மேடம்."

வார்டில் நாலைந்து தலை திரும்பியது.

"மேடம்... கை வேணும்."

பூனை நடந்தாள். முதல் தடவையாக அவள் ஷூ தரையில் உரசிச் சத்தம் வந்தது, அவ்வளவு வேகம். திரை இடுக்கை விலக்கினாள். கை உள்ளே போனது. பாட்டிலை எடுத்தது, மூடியைத் திறந்தது, கிண்ணத்தில் சாய்த்தது. கூப்பிட்டு வந்த கை என்பதால் இந்தத் தடவை அது ஒரு நிமிஷம் அங்கேயே நின்றது.

"போதுமா?" என்று திரைக்கு வெளியேயிருந்து கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினாள். தச்சர் என்ன சொல்லப் போகிறார் என்று அவள் முதுகுத்தண்டு காத்திருந்தது. இந்தப் பொண்ணு வேணாம், அந்தம்மாவக் கூப்பிடு. முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை.

"ஓகோ, ரெண்டாள் வேலையா இது," என்றார் தச்சர். "அத முதல்லயே சொல்றதுக்கென்ன? எங்க வேலையிலயும் பலகைய ஒருத்தன் பிடிச்சாத்தான் இன்னொருத்தன் அறுக்க முடியும். நீ துடை பாப்பா. பெரியம்மா, நீங்க வெளியவே நில்லுங்க, இங்க மூணு பேருக்கு இடம் இல்ல."

வக்கீல் துடைத்தாள். நன்றாகவே துடைத்தாள். உள்ளிருந்து வெளியே, ஒரு பஞ்சுக்கு ஒரு இழுப்பு, சொல்லிக் கொடுத்தபடியே. பூனை திரைக்கு வெளியே நின்றாள். அங்கே நிற்காதே என்றது பிரின்சிபால், நிற்கச் சொன்னது நோயாளி. யார் பேச்சைக் கேட்பது என்று அன்று அவளுக்குக் குழப்பமே வரவில்லை.

வேலை முடிந்து அழுக்குத் துணியைப் போட வக்கீல் துணி அறைக்கு வந்தாள். பூனை அங்கே இருந்தாள். வக்கீல் கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"ம்."

"ம் சொன்னா எனக்குப் புரியாது மேடம். கேக்கலாமா, கூடாதா?"

"கேளு."

"ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வந்து நின்னா என்ன?"

பூனை போர்வையின் நுனியை நுனியோடு சேர்த்தாள். பிறகு சொன்னாள். தட்டுத் தடுமாறி, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, மளிகைக்கடைக்காரரைச் சொன்னாள், பிடுங்கின ஊசியைச் சொன்னாள், விரிப்பு இழுத்துவிட்ட கதையைச் சொன்னாள். எல்லாம் சேர்த்து ஒரு போர்வை மடிக்கிற நேரம்தான்.

வக்கீல் அழுக்குத் துணியைக் கூடையில் போட்டாள்.

"இத நீங்க எங்ககிட்ட சொன்னதே இல்லையே."

"கை நீட்டினேனே."

"அந்தக் கைதான் மேடம் பயமே. நீங்க தண்ணி ஊத்தறீங்கன்னு உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது 'மறந்துட்டியா, பாத்துட்டேன்'னு சொல்ற மாதிரி இருக்கும். ராத்திரி தூக்கம் வராது. அடுத்த தடவ இன்னும் அவசரத்துல இன்னொண்ண மறப்போம்."

பூனைக்கு இது புதுசு. இத்தனை வருஷத்துப் பிள்ளைகளும் மனதில் வரிசையாக வந்து நின்றார்கள். எத்தனை பேருக்குக் கை நீட்டியிருப்பாள். எத்தனை பேர் தூங்காமல் கிடந்திருப்பார்கள்.

"இன்னிக்கு?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு நான் கூப்பிட்டேன். அதனால பயம் இல்ல." வக்கீல் கதவைத் திறந்தாள். திறந்தவள் திரும்பி, "நான் மண்டபத்துல சொன்னது சொன்னதுதான் மேடம். பொய் சொல்லல. அப்பிடித்தான் இருந்துச்சு," என்றாள்.

"தெரியும்," என்றாள் பூனை.

மாசக் கடைசியில் பிரின்சிபால் அம்மா மறுபடி மண்டபத்தில் கேட்டார். சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆனால் சக்கரையிடம் பிள்ளைகள் எதையும் மறைக்காது. அன்று சாயந்திரமே சக்கரை தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க வக்கீல் உங்களுக்காக வாதாடும்னு நெனச்சேன். அது என்ன சொல்லிச்சு தெரியுமா? 'ஒளிஞ்சு நிக்கக் கூடாது. அதுல மாத்தம் இல்ல. சொல்லிட்டு நிக்கச் சொல்லுங்க. ஆனா நிக்கணும்.' அந்தச் சோடாபுட்டி எழுந்து, 'உள்ள மட்டும் வர வேணாம், தயவுசெஞ்சு வெளியவே நிக்கட்டும்'னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"மத்தவங்க?"

"நாலஞ்சு பேர் பொம்மைகிட்டயே அனுப்புங்கன்னாங்க. உள்ளதச் சொல்றேன்."

"ம்."

"கோபமாக்கா?"

"இல்ல. நாலஞ்சுதானே."

சக்கரை சிரித்துவிட்டாள். பூனைக்கும் வாயின் ஒரு ஓரம் கொஞ்சம் இழுத்தது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிரின்சிபால் அம்மா அவளை வார்டிலேயே வைத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு பிள்ளையும் திரையை மூடுகிறதற்கு முன்னால், வெளியே நிற்கிறேன் என்று பூனை அந்தப் பிள்ளையிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நோயாளியின் காதிலும் விழட்டும். கூப்பிட்டால்தான் கை போக வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. அவளுக்கு அது மலை. அந்த வாரம் முற்றத்து முக்காலியில் சலூன்காரர் உட்கார, பின்னால் நின்று முடி வெட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"வெளியில நிக்கிறேன்."

"கேக்கல."

"வெளியில நிக்கிறேன். கை வேணும்னா கேளு."

"மிரட்டுற மாதிரி இருக்கு. கொஞ்சம் இறக்கு."

"வெளியில நிக்கிறேன். கை வேணும்னா... கேளும்மா."

அவர் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் முடி வெட்டும்போது அவர் கண்ணாடியைக் கீழே வைத்தது அன்றுதான்.

"காது பத்திரம்," என்று மட்டும் சொன்னார்.

புது வருஷத்துப் பிள்ளைகள் வார்டுக்கு வந்தார்கள். அதில் ஒன்று கோழிக்குஞ்சு மாதிரி. கையுறைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மூன்று தடவை எச்சில் விழுங்கியது. மூத்த பிள்ளைகள் அதன் காதில் எதையோ ஓதி அனுப்பியிருந்தார்கள், பூனையைக் கண்டதும் கண் ஷூவுக்குத்தான் போனது.

பூனை தொண்டையைச் செருமினாள். "வெளியில நிக்கிறேன். கை வேணும்னா கேளும்மா."

குஞ்சு தலையாட்டியது. திரை மூடியது. வளையங்கள் ஓடி நின்றன.

பூனை ஒரு முழ இடைவெளிக்குப் பக்கத்தில் இரண்டு ஷூவையும் நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்து நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கட்டுத் துணி கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பூனையின் கை தானாகத் திரை இடுக்குக்குப் போனது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"மேடம்."

"இருக்கேன்."

"இல்ல, எல்லாம் இருக்கு மேடம். ஒண்ணும் வேணாம்." உள்ளே ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். "சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."